இரண்டாவது பக்கம்

அத்தை, நீங்கள் அடுத்த வீட்டில் இருந்த நாளெல்லாம் இதைப் பற்றி வாய் திறக்காதவள், நீங்கள் கண்மூடிய பிறகு கடிதம் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று உங்கள் மகள் கலா வந்தாள். மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை கிடைத்திருக்கிறதாம். ஒப்பந்தத் தாளை நீட்டி, "நீ படிச்சுச் சொல்லுக்கா, போதும். அம்மாவும் உன்னத்தானே கேப்பாங்க" என்றாள். அவள் விரல்களில் காயாத நகப்பூச்சு. அந்த வாசனையில் உங்கள் சேலை நினைவுக்கு வந்துவிட்டது.

பிம்ப்ரி மோட்டார் தொழிற்சாலையில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி வார்னிஷில் முக்குவது உங்கள் வேலை. மாலையில் ஆலைச் சங்கு, நாம் போங்கா என்போமே, அது ஊதினால்தான் நம் வரிசை வீடுகளில் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள். சேலத்திலிருந்து பிழைக்க வந்த நமக்கும், சாத்தாராவிலிருந்து வந்த மராத்திக்காரர்களுக்கும் அதுதான் கடிகாரம். உங்களுக்கு முன்னால் வார்னிஷ் வாசனை வந்து சேரும்.

நான் பி.காம். முடித்த வருடம். அந்த வரிசையில் முதல் பட்டதாரி என்பதால் எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். தொழிற்சாலையில் கொடுத்த இரண்டு பக்கத் தாளோடு நீங்கள் வந்தபோது, குழாயடிப் பெண்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பக்கத்தில் பெயர், பிரிவு, சேர்ந்த தேதி. இரண்டாவது பக்கம் முழுக்கப் பொடி எழுத்து ஆங்கிலம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புரியவில்லை என்று அவர்கள் முன்னால் சொல்ல நா எழவில்லை.

"பழைய விவரந்தான் கேக்கறாங்க அத்தை, கையெழுத்துப் போடுங்க."

என் பேனாவை வாங்கி, தமிழில் நிதானமாகப் போட்டீர்கள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் ஆலை வாயிலில் உங்கள் வருகை அட்டை இல்லை. அந்த இரண்டாவது பக்கத்தைக் காட்டி, நீங்களே விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு திரும்பி வந்தவரை என் அம்மா விசாரித்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். "கண்ணு மங்கிடுச்சுக்கா. நானாத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றீர்கள், என்னைப் பார்த்துக்கொண்டே.

பிறகு ஔந்தில் நாலு வீட்டுக்குச் சப்பாத்தி போடப் போனீர்கள். கலா ஒன்பதாவதோடு நின்று உங்களுடன் வந்தாள். காலையில் பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்கள்தான் "சாப்பிட்டியா கண்ணு?" என்பீர்கள்.

இப்போது அந்த ஆலையை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். போங்கா இல்லை. கலாவின் தாளைக் கடைசி வரிவரை படித்தேன். ஓரிடம் புரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "உனக்கே தெரியாததா?" என்று சிரித்தாள். தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன் அத்தை. உங்களால் பழகியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வருவாள். அம்மாவுக்குக் கண் கெட்டதால்தான் தன் படிப்பு நின்றது என்று இன்றும் நம்புகிறாள். கடைசிவரை கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தவர் நீங்கள். உங்கள் கண்ணில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று அவளிடம் சொல்ல என்னை விடுங்கள்.