அப்பா கையில் வந்த வெள்ளை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் வலது கையைத் தவிர எல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கைக்கு என்ன என்று பதறாதே. விரல்களிலும் மணிக்கட்டிலும் வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது, வலி இல்லை, அரிப்பும் இல்லை, உன்னிடம் சொல்லக் கூடாது என்ற அவர் உத்தரவு மட்டும் இருக்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

முடி வெட்டுகிறவர் கை எல்லோர் கண்ணுக்கும் நேரே இருக்கிற கை அல்லவா. முதலில் கடையில் இருந்த தலைச்சாயத்தை எடுத்துப் பூசிக்கொண்டார். திட்டு மறைந்தது, தோல் புண்ணானது, சவரத்துக்கு வந்த ஒருவரின் காது கறுத்தது. அப்புறம் ரப்பர் கையுறை. அதை மாட்டிக்கொண்டு கத்தரியோடு நின்றால் ஆபரேஷனுக்குத் தயாரானவர் மாதிரி இருக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முகம் வெளிறிப்போகிறது. வருஷக்கணக்காக வரும் மீசைக்கார வாத்தியாரே எதிர்க்கடைக்குப் போய்விட்டார், அன்றிரவு உன் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்னப் பெண்தான், சாயம் பூசியதற்கு நன்றாகத் திட்டிவிட்டு, "இது தொட்டா ஒட்டாதுங்க ஐயா, தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லை உடம்பே எதிரின்னு நினைச்சு அழிக்குது" என்றாள். "என் உடம்புக்கு என் மேலயே என்னம்மா கோபம்" என்று இவர் கேட்டார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். களிம்பு, ஒளி சிகிச்சை, வெயிலுக்கு ஒரு கிரீம் எல்லாம் கொடுத்திருக்கிறாள். மணிக்கட்டில் மெதுவாக நிறம் திரும்பலாம், விரல் நுனியில் கஷ்டம் என்று ஒளிக்காமலும் சொன்னாள்.

போன வாரம் வாத்தியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வந்தாராம். எதிர்க்கடையில் மீசையில் ஒரு பக்கம் போய்விட்டது. இவர் கையுறையை மாட்டப் போனதும், "அது வேண்டாங்க, முடிய இழுக்கும். இந்த வெள்ளை ஒட்டாதுன்னு என் மருமக சொல்லிட்டா. மிச்ச மீசையையாவது காப்பாத்துங்க" என்றாராம். அதிலிருந்து வெறுங்கையோடுதான் வேலை.

உன் கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்திருக்கிற மங்குக்கு யாரோ சொன்னார்கள் என்று சிவப்பாக்கும் கிரீம் எதையும் பூசாதே, டாக்டரைப் பார், வெயிலில் தொப்பி போடு.

நேற்று இவர் மணிக்கட்டை வெளிச்சத்தில் நீட்டி, நடுவில் கடுகு மாதிரி ஒரு புள்ளி நிறம் வந்திருக்கிறது பார் என்றார். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வந்திருக்கிறது என்றேன். இன்று காலை அவருக்கு அது இரண்டாகிவிட்டது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அப்பா பேசினால் உனக்கு ஒன்றும் தெரியாது, ஞாபகம் இருக்கட்டும்.

எந்நேரமும் உன் நினைப்பில்,
அம்மா