துடைத்தும் போகாத மங்கல்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி இப்போது தேவலையா?

இங்கே அலுமினிய உலையில், அலுமினியம் ஃபுளோரைடு மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவது என் வேலை. அந்த வெள்ளைப் பொடி சேர்ந்தால் உலைக்குக் குறைந்த சூடே போதும். நேற்று உலைக்கூடத்து ஜன்னல் கண்ணாடி மங்கலாக இருக்கிறதென்று மேஸ்திரி என்னைத் துடைக்கச் சொன்னான். ஒரு மணி நேரம் தேய்த்தேன்.

"இது அழுக்கில்லைங்க. பொடியில ஈரம் பட்டு, சூட்டுல கிளம்புற ஆவி கண்ணாடியையே அரிச்சிருக்கு" என்றேன்.

"எம்.எஸ்சி. வாத்தியாரே, பாடம் போதும். துணியைப் பிழிங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

என் மூக்குக்கண்ணாடியும் அப்படியே ஆகிவிட்டது. பீரோவில் இருக்கும் கண் டாக்டரின் பழைய சீட்டைக் காட்டி, பிளாஸ்டிக் வில்லையில் ஒன்று வாங்கி அனுப்பு. கொஞ்சம் இருமல் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

உன் தம்பிக்கும் இங்கே வேலை கேட்கச் சொல்லியிருந்தாய். கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையிலிருந்து என்னை வெளியே அனுப்பியபோது, "மச்சான் வாய்க்கு இது வேணும்" என்று சிரித்தவன் அவன். அதை நான் மறக்கவில்லை. அந்த வன்மத்தில்தான் மறுக்கிறேன் என்றே அவனிடம் சொல். இருமலைப் பற்றிச் சொன்னால், அதெல்லாம் சமாளித்துக்கொள்வேன் என்று கிளம்பி வந்துவிடுவான்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

பெரியவளின் அப்பா