நாயகி மடித்த ஸ்வெட்டர்

வடக்கனந்தல்,
மார்கழி 14

செல்விக்கு அம்மா எழுதுவது. நான் நலம், இருமலைத் தவிர அப்பாவும் நலம், நீயும் அந்த வெளிநாட்டுப் பனியில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசிவிட்டு எதற்கம்மா கடுதாசி என்று கேட்பாய், உள்ளே ஒரு பொருள் இருக்கிறது, அதைப் போனில் அனுப்ப முடியாது. அப்பா இருமிக்கொண்டே மக்காச்சோளக் களத்தில் நிற்கிறார், சொன்னால் கேட்கிற ஆளா அவர். நான் வழக்கம்போல் முதல் பஸ்ஸில் வெள்ளிமலைக்கு ஏறிப்போய் அங்கன்வாடியைத் திறக்கிறேன். மலையில் பத்து மணிக்கும் வெயில் இல்லை, பிள்ளைகளை வெளியே விட முடியாமல் உள்ளேயே வைத்து மல்லுக்கட்டுகிறேன். அதற்குத்தான் காகித வேலை ஏதாவது அனுப்பு என்றேன். நீயும் அனுப்பினாயே மகராசி, பனிப்பொம்மை! பழைய காலண்டர் தாளில் மடித்துக் காட்டினால், இன்னா டீச்சர் இது, தலகாணியா என்று கேட்கிறார்கள்.

அங்கே பெரியநாயகி என்று நாலு வயதுப் பிள்ளை, சாலம்மாளின் மகள். போன குளிரில் அடுப்பில் ஊன்றி வலது கை வெந்துவிட்டது. புண் ஆறியும் விரல்கள் மடங்கியே நிற்கின்றன. நீட்டி மடக்கிப் பழக்குங்கள், மாசியில் காட்டும்போதும் அசைவு இல்லையென்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவளோ கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு யாரையும் தொட விடமாட்டாள், பந்தைக் கொடுத்தால் வீசிவிடுவாள். சாலம்மாள் என்னிடம் வந்து அழுதாள்.

பொம்மை எடுபடவில்லை என்றதும் நீ பனியில் நிற்கிற படத்தைக் காட்டினேன், எங்கள் செல்வி அக்கா ஊரில் இப்படித்தான் கொட்டுகிறது என்று. மொத்தக் கூட்டமும் போனைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. ஐயோ, அக்கா குளுர்ல இன்னா பண்ணும், யாருனா கம்பளி குடுத்தாங்களா என்று நாயகிதான் கேட்டாள். சரி, நாமே ஸ்வெட்டர் மடித்து அனுப்புவோம் என்றேன். கஷ்டமே இல்லை, இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மேலே கழுத்துக்கு இரண்டு மூலை, கீழே கைக்கு இரண்டு மூலையை வெளியே விரித்து, பாதியாக மடித்துக் கழுத்துக்கு அடியில் செருகினால் தீர்ந்தது. நாயகி இடது கையால் மட்டும் மடித்துப் பார்த்தாள், தாள் நழுவிக்கொண்டே போனது. நான் பிடிக்கட்டுமா என்றால், வாணாம், உனுக்குப் புடிக்கத் தெரியாது என்று என்னையே அதட்டுகிறாள். அப்புறம் துண்டை உதறிவிட்டு அந்தக் கையை எடுத்துத் தாள்மேல் வைத்தாளடி. உதட்டைக் கடித்துக்கொண்டு, மடங்கின விரல்களாலேயே மடிப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன், ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதற்குப் பிறகு எதை மடிக்கச் சொன்னாலும் மாட்டேன் என்கிறாள். அக்காவுக்கு அளவு பத்துதான்னு கேட்டுச் சொல்லு, அதே பேச்சு, துண்டும் பழையபடி கைமேல் ஏறிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு ஊற்றினால் ஈரத்தோடு வெளியே போகாதே. நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் கண்ணு. கடுதாசி கைக்கு வந்த அன்றே, இங்கே காலை பத்து மணியாகப் பார்த்து வீடியோவில் வா. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடாதே. கை பத்தவில்லை, இன்னொன்று வேண்டும் என்று சொல். மறுநாள் உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணுக்கு ஒன்று கேள். மாசி வரைக்கும் அந்த ஊரில் யார் யாருக்குக் குளிர்கிறதோ அத்தனை பேருக்கும் கேள்.

உன் அம்மா,
பூமாலை