நீலத்துணி யானை

இன்று காலை எங்கள் தெருவில் மெத்தைக்காரர் பழைய தலையணைகளைப் பிரித்து இலவம்பஞ்சை அடித்துக்கொண்டிருந்தார். பஞ்சு வீட்டுக்குள் பறந்து வந்தது. மருமகள் சன்னலைச் சாத்தச் சொன்னாள். எனக்குச் சாத்த மனம் வரவில்லை. வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம். உன்னிடம் பேச வேண்டும்போல இருக்கிறது, தங்கச்சி.

நம் அம்மா தைத்த யானைக்குள்ளும் இந்தப் பஞ்சுதான். சின்ன வயதில் நீ மணல்வாரி அம்மை போட்டுக் கிடந்தபோது, அப்பாவின் கிழிந்த ரயில்வே நீலச் சட்டையை வெட்டித் தைத்தாள். தும்பிக்கை கட்டை, ஒரு காது பெரிசு. அதைக் கட்டிக்கொண்டுதான் நீ எழுந்தாய். பெரிய பெண்ணானதும் அதைப் பரணில் ஒளித்துவிட்டாய். யாராவது பார்த்தால் உனக்கு வெட்கம்.

சப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான கோடை அது. விழுப்புரம் வந்த ஒவ்வொரு வண்டியிலும் படிக்கட்டு வரை ஆட்கள் தொங்கினார்கள். நான் லோகோ ஷெட்டில் என்ஜின் துடைக்கிற வேலையில் இருந்தேன். தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்த அப்பா, ஒருநாள் காலையில் ஒரு பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வயசிருக்கும்.

“ரயிலு பொட்டில தனியா கெடந்துச்சி. யாரும் எங்க புள்ளன்னு சொல்லல. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, போலீசுல ஒப்படைக்கணும்னு ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிட்டாரு.”

குழந்தை அழுது அழுது குரல் கட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தால் துப்பியது. பகல் ஏற ஏற அழுகையும் நின்று, கண் செருக ஆரம்பித்தது. அம்மா தொட்டுப் பார்த்துப் பதறினாள்.

“ஒடம்பு நெருப்பா கொதிக்குதே. ஊரான் வூட்டுப் புள்ள, எதாவது ஆயிட்டா என்னா பண்றது?”

நீ பரணில் ஏறினாய். தூசி தட்டி யானையைக் குழந்தையின் மடியில் வைத்தாய். அது வெகுநேரம் பார்த்தது. பிறகு வெடுக்கென்று இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டது. நீ யானையின் வாய்க்கு டம்ளரைக் காட்டினாய், அப்புறம் குழந்தைக்கு. குடித்தது. நாங்கள் மூச்சு விட்டோம். கொஞ்ச நேரம் கழித்து யானையின் பெரிய காதில் அது முணுமுணுத்தது: “அம்மா தின்னிவனத்துல எறங்கிட்டா.”

அடுத்த வண்டியிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் நீயும் நானும் திண்டிவனம் போனோம். நெரிசலில் தாயும் தகப்பனும், ஒருவரிடம் குழந்தை இருக்கிறதென்று மற்றவர் நம்பி இறங்கிவிட்டார்களாம். பிளாட்பாரத்தில் தலைவிரி கோலமாய் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், குழந்தையைப் பார்த்துப் போட்ட கூச்சலில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. யானையைத் திருப்பிக் கொடுக்கும்படி அவர் சொன்னபோது குழந்தை மறுபடி அலறியது.

“வச்சிக்கட்டும்ங்க. எனக்கு எதுக்கு, நான் பெரியவளாயிட்டேன்” என்றாய். திரும்பும் வழியெல்லாம் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

நான்கு வருஷம் கழித்து உன்னை உன் புகுந்த ஊரான மண்டகப்பட்டிலிருந்து வண்டிகட்டி அழைத்து வந்தோம். உன் தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டது. பேர்கூட வைக்கவில்லை. நீ அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயம். “அழுதுடுடி, நெஞ்சுல அடைச்சிக்கும்” என்று அம்மா கெஞ்சினாள். சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாய். ஒருநாள் திடீரென்று கேட்டாய்:

“அண்ணா, அந்த யானை இன்னும் இருக்குமா?”

அன்றே திண்டிவனம் போனேன். ஸ்டேஷனில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாளுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம், யானையைத் தொடுவதே இல்லையாம். கொல்லைப்புறம் கூட்டிப் போனார். அங்கே வேலை செய்கிற பெண்ணின் கைக்குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நம் யானை. நீலம் வெளுத்து, வயிற்றில் சிவப்பு ஒட்டு. அந்த அம்மாள் எடுக்கக் கை நீட்டினார். “வேணாங்க” என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

வண்டியில் வரும்போதுதான் உறைத்தது. வெறுங்கையோடு உன் முன்னால் எப்படி நிற்பது? நீ என் கையைத்தான் முதலில் பார்த்தாய். உள்ளதைச் சொன்னேன். நீ மெல்ல எழுந்து உட்கார்ந்து கேட்டாய்:

“புள்ள நல்லா தூங்குதா?”

“தூங்குது.”

“பேரு என்னா?”

“கேக்கலியே.”

“போய்க் கேட்டுக்கினு வாண்ணா.”

பைத்தியமா உனக்கு என்று அம்மா வாயெடுத்தாள். அப்பா தடுத்துவிட்டார். மறுநாள் நான் மறுபடி வண்டியேறினேன்.

“மரகதம்” என்று வந்து சொன்னேன். நீ அந்தப் பெயரை இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாய். மூன்றாம் தரம் சொல்லும்போது குரல் உடைந்தது. அன்றைக்கு நீ அழுத அழுகையைக் கேட்டு அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, “அழட்டும், அழட்டும்” என்றாள்.

அதன்பிறகு உனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்தியும் எடுத்தாய். நான் இன்றும் எந்தக் குழந்தையைக் கண்டாலும் முதலில் பெயரைத்தான் கேட்கிறேன். மூன்றே நாள் இருந்த அந்தப் பிள்ளைக்கு நீ மனசுக்குள் என்ன பெயர் வைத்திருந்தாய்? அதை மட்டும் உன்னிடம் கேட்க எனக்குத் துணிவு வரவே இல்லை, தங்கச்சி.