நேர்ந்தது நான், செய்தது சரோஜா

ஜூலை 9, திங்கள்
வெயில். கொடியில் காய்ந்த வேட்டி முழுக்கச் சுரங்கக் கரித்தூள், மறுபடி அலசல். காலை ஷிஃப்ட். மாலை நூலகம்: தடி நாவல் ஒன்று, அட்டை கிழிந்தது. வேறு நல்லதாக எதுவும் இல்லை.
அம்மா கடிதம். ஆடி முதல் வெள்ளிக்கு சரோஜா மறுபடி கோயில் தரையில் மண்சோறு சாப்பிட வேண்டுமாம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. சரி என்று பதில் போட்டேன். லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று.

11, புதன்
நாவலில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். மகளுக்குத் தீராத நோய். போகிற கோயிலில் எல்லாம் நேர்ந்துகொள்கிறார். பிடித்துப் போயிற்று. என்னைப் போல ஆள்.
நான் ஷிஃப்ட் போனதும் ச.வும் படிக்கிறாள். என் அடையாளம் பஸ் டிக்கெட், அவளுடையது ஹேர்பின். ஹேர்பின்தான் முன்னால்.
பலாச்சுளை விற்கும் காடாம்புலியூர் அம்மா வாசலில் நின்று: "இன்னாம்மா, அடுப்புல பால் பொங்கிக்கினு இருக்கு, நீ பொஸ்தகத்தப் பாத்துக்கினு இருக்க!"
பால் போயிற்று.

13, வெள்ளி
மேகம். மழை இல்லை. ச. விரதம். ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது கேட்டேன், "ஸ்டேஷன் மாஸ்டர் எப்படி?"
"நல்ல மனுஷர்தான். வயிறாரச் சாப்பிட்டுட்டு சாமி கும்பிடறார்."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ரசம் ஊற்றினாள்.

15, ஞாயிறு
ஹேர்பின் இருந்த பக்கத்துக்கு வந்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் புது விரதம் ஒன்றைச் சொல்கிறார். மனைவி கேட்கிறாள்: "சாமிகிட்ட நீங்க பணயம் வெச்சதெல்லாம் என் வயித்தைத்தானே?"
அதற்கு மேல் ஓடவில்லை. ஒன்பது வருடத்தில் நான் நேர்ந்ததை எழுதிப் பார்த்தேன்.
வெள்ளி விரதம் - ச.
அடிப்பிரதட்சணம், சித்திரை வெயிலில், பாதம் கொப்பளித்து - ச.
மண்சோறு, இரண்டு தடவை - ச.
மொட்டை - நான். குழந்தை பிறந்தால்.
இன்னொன்றும் உண்டு. மூன்று வருடம் முன்பு ச.வுக்கு எல்லா டெஸ்டும் எடுத்து, ஒன்றும் இல்லை என்றார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று போகவில்லை. பக்தி என்றே நினைத்திருந்தேன். பயந்திருக்கிறேன்.

17, செவ்வாய்
விடியற்காலையில் நல்ல மழை. காபி குடிக்கும்போது சொன்னேன், "இந்த வருஷம் மண்சோறு வேணாம்." சந்தோஷப்படுவாள் என்று நினைப்பு.
"சாப்பிடுன்னு சொன்னதும் நீங்க. வேணாம்னு சொல்றதும் நீங்களா?"
டம்ளரைக் கீழே வைத்தேன். "நீ என்ன சொல்ற?" என்றேன். இதுவரை கேட்டதில்லை.
"வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போறேன். சாப்பிட்டுட்டுப் போறேன். நீங்கதான் லீவு எழுதியிருக்கீங்கல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்க."

20, வெள்ளி
ஆஸ்பத்திரி. நீள வரிசை. குவார்ட்டர்ஸில் எதிர் பிளாக்காரர் பார்த்துவிட்டார். "என்ன சார், உடம்புக்கு?" இருமல் என்றேன். இருமியும் காட்டினேன்.
ச. உப்புமா சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாளாம்.
"என்ன வேண்டிக்கிட்ட?"
"ஒண்ணும் கேக்கல. நல்லாருந்துச்சு."

26, வியாழன்
ரிப்போர்ட். குறை என்னிடம். மருந்து இருக்கிறது, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.
வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். ச. அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.
"ஒன்பது வருஷம்," என்றாள்.
அழவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு போய்க் கொடியில் இருந்ததை எல்லாம் எடுத்தாள், காயாததையும் சேர்த்து.
சாமி படத்துக்கு முன் நின்றேன். பழக்கத்தில் வாய் கேட்க ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன். சும்மா நின்றேன். கொஞ்ச நேரம்தான். இது நன்றாகத்தான் இருக்கிறது.

27, வெள்ளி
காற்று. சாயந்திரம் ச. ஒரு இன்லண்ட் லெட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.
"உங்கம்மாவுக்கு. நீங்களே எழுதுங்க."
நாலு வரி. டெஸ்ட் எடுத்துக்கொண்டேன். குறை எனக்கு. சரோஜாவுக்கு இல்லை. இனிமேல் அவளுக்கு விரதம் எதுவும் எழுத வேண்டாம்.
வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.
"'எனக்கு'ன்னு இருக்கில்ல, அதுக்குக் கீழ ஒரு கோடு போடுங்க."
போட்டேன்.