காலிப் பெட்டியோடு வா

புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ரஃபாயேலுக்கு அம்மா முத்தத்தோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான், உன் தங்கை சபின், மாப்பிள்ளை, நாலு மாதக் குழந்தை எல்லாரும் நலமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், இல்லை என்று தெரியும். போன் போட்டால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பதில் போடுவதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் தொமினிக் சித்தப்பா செவ்வாய்க்கிழமை பாரீஸ் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவர் நேரில் நீட்டினால் வாங்காமல் இருக்க முடியாது பார்.

சபின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததே அவளுக்குப் பெரிது. மூன்று கார்டு, ஒன்றை அடைக்க இன்னொன்று, அதற்கு மேல் பாங்கு லோன், சம்பளம் வந்த அன்றே பாதி போய்விடுகிறது என்று அழுதாயாம். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பன் என்று நாங்கள் முடிவு செய்து வைத்திருக்க, "வெறுங்கையோட எப்படி வர்றது, நான் எதுக்கும் லாயக்கில்ல, வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடன் இருக்கட்டும், அடைத்துவிடலாம். என் பிள்ளையை லாயக்கில்லாதவன் என்று சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது?

இதில் என் பங்கும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பிரான்சிலிருந்து வக்கான்ஸ் லீவுக்கு ஊர் வருகிறவர்கள் வீட்டுக்கு வீடு செண்டு பாட்டிலும் சாக்லேட்டும் கொடுக்காமல் நம் தெருவில் தலைகாட்ட முடியாது. நீ ஆகஸ்டில் வருகிறாய் என்றால் ஜூனிலேயே யார் யாருக்கு என்ன என்று லிஸ்ட் போட்டு அனுப்பியவள் நான்தானே. பதினாலு வீடு. போன தடவை மாடி கட்டிய மேஸ்திரியின் பெண்டாட்டியைக்கூடச் சேர்த்தேன். நீ லிஸ்டில் ஒன்றையும் விடாமல் இரண்டு பெட்டி நிறைய வாங்கிவந்தாய், நான் பூரித்துப்போய்த் தெருவில் நடந்தேன். எந்தப் பணத்தில் வாங்கினாய் என்று நான் கேட்கவே இல்லை, கேட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்.

அதனால் போன வாரம் ஒரு வேலை செய்தேன், உட்கார்ந்துகொண்டு படி. பழைய லிஸ்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பதினாலு வீட்டுக்கும் நானே போனேன். என் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு வருகிறான், அவனுக்குக் கடன் இருக்கிறது, இந்தத் தடவை யாருக்கும் ஒன்றும் வராது, யாரும் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் சொல்ல முடிந்தது. இரண்டாவது வீட்டில் கொளஞ்சி, பிரான்சுத் துட்டுக்கே கடனா என்று சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது, ஆனால் அவள் சிரித்தது அரை நிமிஷம்கூட இல்லை, அதற்குள் குக்கர் விசில் அடித்தது, உள்ளே போய்விட்டாள். இந்த அரை நிமிஷத்துக்குப் பயந்தா நீ இத்தனை வருஷம் வட்டி கட்டினாய் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் மற்ற வீடுகளில் விறுவிறுவென்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு செண்டு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் நீ கொடுத்தது, மேல்தாள்கூடப் பிரிக்கவில்லை. "நான் இதப் போட்டுக்கினு எங்க போவப் போறேன்க்கா, பீரோவுல அழகுக்கு வெச்சிருந்தேன். தம்பி வந்தா போதும்" என்றாள். அவள் போன பிறகு அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அதற்கு நீ இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய்.

நீ வந்தால் தங்கட்டும் என்று பூட்டியே வைத்திருந்த மாடியை, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் இரண்டு நர்சுப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். நீ கீழே ஹாலில் பாய் போட்டுப் படு. வாடகை எனக்குப் போதும், இனி எனக்கு மாதாமாதம் அனுப்புவதை அங்கேயே கடனில் கட்டு. ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று மறைக்காமல் எழுது, வட்டி அதிகமாகத் தின்கிறதை முதலில் தீர்த்துவிடு, மற்றதற்குக் குறைந்த தவணை தவறாமல் கட்டு, கார்டுகளை வெட்டிப் போடு. கடனில் மாட்டினவர்களுக்குத் தவணை பேசி முடித்துக் கொடுக்க அங்கே ஆபீஸ் இருக்கிறதாமே, சித்தப்பா தானும் உன்னோடு வருகிறேன் என்றார். வாசல்வரை வரட்டும், உள்ளே நீயே போய்ப் பேசு. உன் அப்பா போன பிறகு நான் முதல் தடவை பாங்குக்குப் போனபோது பணம் எடுக்கிற சீட்டு மூன்றை அடித்துத் திருத்திக் கிழித்தேன், நாலாவதைத்தான் வாங்கிக்கொண்டார்கள். கை நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தால் இன்னும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

குழந்தைக்குத் தங்கச் சங்கிலி போட்டால்தான் ஞானத்தகப்பனா என்று பங்குச் சாமியாரிடமும் கேட்டுவிட்டேன், அவர் சிரித்தார். குழந்தையைத் தூக்குவதற்குக் கை காலியாக இருந்தால்தான் வசதி என்கிறாள் சபின். நான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டு முடிந்து வந்த பணத்தில் டிக்கெட் போட்டாகிவிட்டது, இது கடன் இல்லை, திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே.

மாதா உன் கூடவே இருந்து நடத்துவாள், வேளைக்குச் சாப்பிடு, போனை எடு. ஒரே ஒரு பெட்டி கொண்டுவா, அதுவும் காலியாக, போகும்போது வடகமும் கருவாடும் வைத்து நான் நிரப்பி அனுப்புகிறேன். அந்தச் செண்டை என் பீரோவில் வைத்திருக்கிறேன். பதினாலு வீட்டுக்கு வாங்கினாயே, உனக்கென்று ஒன்று வாங்கியிருக்க மாட்டாய். ஞானஸ்நானத்தன்று காலையில் நீயே அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வா.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா மார்கரீத்