சம்பலில் போட்ட கருவாடு

பெரம்பலூர், 30 ஜூலை 1978

ரொட்டிக்கு இடித்த தேங்காய்ச் சம்பலில் இருப்பது மாசி இல்லை என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சிலோனில் அந்தக் காய்ந்த மீன் இல்லாமல் சம்பலே கிடையாது. இங்கே அதன் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. அரியலூர்ச் சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை வறுத்து, தேங்காயோடு இடித்தேன்.

"கருவாட்டுக்குத் தேங்காப்பூவா? ஊரே சிரிக்கும்டி," என்றாள் சித்தி. அவள் வீட்டில்தான் இருக்கிறோம். சிலோனுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லியே, அப்பா எட்டு மாதமாகத் தன் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தார்.

ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தவர் நிமிர்ந்தார். "மாசி ஏதும்மா?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

மென்றுகொண்டே இருந்தார். "இந்த ஊரு கருவாடா? இன்னொரு ரொட்டி வைம்மா."

மூன்று ரொட்டி சாப்பிட்டார். கை கழுவிவிட்டுப் பெட்டியைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டார்.